அமெரிக்காவில் நடுத்தர ஊரில் வேலையா? கிளம்புமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

2010க்கும் 2020க்கும் இடையே அமெரிக்காவில் மிக வேகமாக மக்கள்தொகை கூடிய மாநகர வட்டாரம் ஃப்ளோரிடாவிலுள்ள தி வில்லேஜஸ். பத்தாண்டில் 39 சதவீதம் வளர்ந்தது. நாடு முழுமைக்கும் அதே காலத்து வளர்ச்சி 7.4 சதவீதம்தான். ஆனால் தி வில்லேஜஸ், ஓய்வுபெற்றவர்கள் வந்து தங்குவதற்கென்றே எழுந்த ஊர். அங்கே ஆள் கூடக் கூட நர்சுக்கும் கொத்தனாருக்கும் கடைச் சிப்பந்திக்கும் வேலை கூடும், காரைக்குடியில் பி.டெக் முடித்துவிட்டு எம்.எஸ். படிக்கப் போன பிள்ளைக்கு அந்த வளர்ச்சியால் பெரிய பயன் கிடையாது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், பொன்னமராவதிப் பக்கத்து வீடுகளில் இப்போது பென்டன்வில், ஹன்ட்ஸ்வில், டி மொயின், ப்ளூமிங்டன் என்ற பெயர்கள் அடிபடுகின்றன. வேலை வந்தாலும் சரி, மாப்பிள்ளை விவரம் வந்தாலும் சரி, "ஊர் நல்லா வளருதாம்" என்ற ஒரு வார்த்தையோடு விசாரிப்பு முடிந்துவிடுகிறது. விசாவில் இருப்பவருக்கு அது போதாது. கம்பெனி மனுப் போட்டு வாங்கும் வேலை விசாவான எச்-1பியில் இருக்கும்போது வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு கம்பெனி அவருக்காக மனுப் போட வேண்டும், அல்லது விசா நிலையை மாற்ற வேண்டும், அல்லது நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். படிப்பு முடித்து, மாணவருக்குத் தரும் தற்காலிக வேலை அனுமதியான ஓபிடியில் இருப்பவர் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அறிவியல், பொறியியல் படித்தவருக்கான ஸ்டெம் நீட்டிப்பும் சேர்ந்தால் 150 நாள். ஆகவே ஊரை எடைபோடக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வேலை போனால், குடியிருக்கும் வீட்டை மாற்றாமல் அடுத்த வேலை கிடைக்குமா? கீழே வரும் ஒவ்வொரு புள்ளிவிவரமும் அதற்கு விடை காணத்தான். எல்லாம் அமெரிக்க அரசு இலவசமாக வெளியிடுபவை. ஒரு லேப்டாப்பும் ஒரு பகல் பொழுதும் போதும்.

எல்லைக் கோட்டை முதலில் சரிசெய்யுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். ஊர்ப் பெயரைத் தேடி, வருகிற முதல் எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். அது நகராட்சி எல்லைக்குள் இருக்கும் மக்கள்தொகை மட்டும். அயோவா மாநிலத்தின் டி மொயின் நகரம் 2010ல் 2,03,433, 2020ல் 2,14,133. வளர்ச்சி 5 சதவீதம் சொச்சம். சோம்பலான ஊர் என்று தோன்றும். அதை ஒட்டியிருக்கும் ஆங்கனி அதே காலத்தில் 45,582லிருந்து 67,887 ஆனது. ஏறக்குறைய 49 சதவீதம். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே வேலைச் சந்தையில்தான் இருக்கிறார்கள், காரில் போய்வருகிற தூரம். இதற்கு நேர்மாறாக, சில நகரங்கள் பக்கத்து நிலங்களைத் தம் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டே போகும். ஆள் புதிதாக வராமலே மக்கள்தொகை ஏறும்.

எனவே மெட்ரோபாலிட்டன் ஸ்டாட்டிஸ்டிக்கல் ஏரியா, சுருக்கமாக எம்எஸ்ஏ, என்ற வட்டாரத்தைத்தான் அலகாகக் கொள்ள வேண்டும். குறைந்தது 50,000 பேர் வாழும் நகர்ப்பகுதியும், அதோடு வேலைப் போக்குவரத்தால் இணைந்த கவுன்ட்டிகளும் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) சேர்ந்தது அது. வேலை ஓலையில் (ஆஃபர் லெட்டரில்) இருக்கும் பணியிட முகவரியை வைத்துக் கவுன்ட்டியைக் கண்டுபிடியுங்கள். கவுன்ட்டி பெயரைக் கொண்டு எம்எஸ்ஏவைக் கண்டுபிடியுங்கள். இரண்டரை லட்சத்திலிருந்து பத்து லட்சம் பேர் வரை உள்ள வட்டாரத்தை இங்கே நடுத்தரம் என்கிறோம்.

இந்த எல்லைக்கு விசாவோடும் நேரடித் தொடர்பு உண்டு. எச்-1பி ஊழியரின் பணியிடம் அதே வட்டாரத்துக்குள் மாறினால் புதிய மனு தேவையில்லை. அதைத் தாண்டி மாறினால் கம்பெனி திருத்திய மனு போட்டாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இந்த வட்டார எல்லைகளை 2013, 2018, 2023 என்று திருத்தியிருக்கிறார்கள். பழைய கோப்பில் ஒரு எண்ணும் புதிய கோப்பில் ஒரு எண்ணும் எடுத்து வளர்ச்சி போட்டால், ஒரு கவுன்ட்டியைச் சேர்த்ததுகூட வளர்ச்சியாகக் காட்டும். தொடக்க ஆண்டும் இறுதி ஆண்டும் ஒரே கோப்பிலிருந்து வரட்டும்.

வருகிறவர் யார் என்று பாருங்கள்

சென்சஸ் பீரோ ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1ஆம் தேதியைக் குறிநாளாக வைத்து மதிப்பீடு வெளியிடுகிறது. கவுன்ட்டி, மெட்ரோ வட்டார எண்கள் வழக்கமாக அடுத்த மார்ச்சில் வரும். நகர எண்கள் மே மாதத்தில். மார்ச் கோப்பில் மொத்த எண்ணோடு நிற்காமல் நான்கு பத்திகளைப் பாருங்கள்: பிறப்பு, இறப்பு, உள்நாட்டுக் குடிபெயர்வு, வெளிநாட்டுக் குடிபெயர்வு. பேரேட்டில் வரவு எந்த இனத்தில் வந்தது என்று பார்க்கிற அதே கண்ணோடு பார்த்தால் ஊரின் குணம் தெரிந்துவிடும்.

உள்நாட்டிலிருந்து ஆள் வருகிறார்கள், பிறப்பும் இறப்பை மிஞ்சுகிறது என்றால், வேலைக்காக இளம் குடும்பங்கள் வருகிற ஊர். நமக்கு வேண்டியது இதுதான். ஆள் வருகிறார்கள், ஆனால் இறப்பு பிறப்பைவிட அதிகம் என்றால் ஓய்வுக்காலத்துக்கு ஒதுங்குகிற ஊர். ஃப்ளோரிடாவில் இப்படிப் பல. உள்நாட்டுக்காரர் வெளியேறுகிறார்கள், வெளிநாட்டு வரவுதான் ஊரைத் தூக்கி நிறுத்துகிறது என்றால் நிதானியுங்கள். 2024 ஜூலையோடு முடிந்த ஆண்டில் அமெரிக்காவின் மொத்த வளர்ச்சியில் 84 சதவீதம் வெளிநாட்டு வரவுதான். அப்படிப்பட்ட வளர்ச்சி வாஷிங்டனில் கொள்கை மாறினால் அடுத்த ஆண்டே சுருங்கிவிடும். அந்த ஊர் மீது நம்பிக்கை வைக்க வேறு காரணம் வேண்டும்.

பல்கலைக்கழக ஊர்களில் இன்னொரு சிக்கல். மாணவர்கள் தாங்கள் தங்கியிருக்கும் இடத்திலேயே எண்ணப்படுகிறார்கள். சேர்க்கை கூடினாலே ஊர் வளர்ந்ததாகத் தெரியும். படித்து முடித்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயில் 25 முதல் 44 வயது வரை உள்ளவர்களின் பங்கைத் தனியே எடுத்துப் பாருங்கள். அது கூடியிருந்தால்தான் படித்தவர்கள் அங்கேயே தங்குகிறார்கள் என்று அர்த்தம்.

அந்த சர்வே ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு போட்டிருப்பார்கள். வீட்டில் தமிழ் பேசுபவர் எண்ணிக்கையைக்கூட மாநில அளவிலும் பெரிய வட்டாரங்களிலும் அதில் எடுக்கலாம். ஆனால் 400 பேர் என்று போட்டு, கூடவோ குறையவோ 350 என்று பக்கத்தில் இருந்தால் அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

வேலையை எண்ணுவது

தொழிலாளர் புள்ளிவிவரத் துறையான பிஎல்எஸ் தளத்தில் மூன்று கோப்புகள் நமக்குத் தேவை.

வேலையின்மை விகிதத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். தனியே பார்த்தால் அது ஏமாற்றும். வேலை கிடைக்காதவர்கள் ஊரைவிட்டே போய்விட்டால் விகிதம் அழகாக 3 சதவீதத்தில் நிற்கும். அதனால் அதே அட்டவணையில் உள்ள தொழிலாளர் படையின் எண்ணிக்கையையும், வேலையில் இருப்போர் எண்ணிக்கையையும் ஐந்தாண்டுக்கு எழுதிப் பாருங்கள். இரண்டும் ஏற வேண்டும். ஒப்பிடும்போது ஒரே மாதத்தை ஒப்பிடுங்கள், இந்த அக்டோபரோடு சென்ற அக்டோபர் என்று. வட்டார எண்கள் பலவும் பருவத்துக்கு ஏற்பத் திருத்தப்படாதவை. மே மாதத்தையும் ஜூலையையும் ஒப்பிட்டால் கல்லூரி விடுமுறைகூட வேலைச் சரிவு போலத் தெரியும்.

இரண்டாவது, சம்பளப் பட்டியல் வேலைகளின் எண்ணிக்கை, துறைவாரியாக. எந்தத் துறை வளர்ந்தது என்று இதில் தெரியும். ஆள் கூட வேலையும் கூடியது, ஆனால் கூடியதெல்லாம் ஹோட்டல், சில்லறைக் கடை என்றால் நம் கேள்விக்கு அது விடையாகாது.

மூன்றாவதுதான் முக்கியம்: தொழில்வாரிச் சம்பளக் கணக்கெடுப்பு. இதற்குத் தொழில் எண் வேண்டும். மென்பொருள் உருவாக்குவோர் 15-1252, வேதிப் பொறியாளர் 17-2041, மெட்டீரியல்ஸ் பொறியாளர் 17-2131, மெக்கானிக்கல் பொறியாளர் 17-2141, கணக்கர் தணிக்கையாளர் 13-2011, நர்ஸ் 29-1141. காரைக்குடி சிக்ரி ஆய்வு நிலையத்தில் மின்வேதியியல் படித்த பிள்ளைகள் 17-2041, 17-2131 இரண்டையும் பார்க்க வேண்டும். பேட்டரி ஆலைகள் இரண்டு பெயரிலும் ஆள் எடுக்கின்றன. வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணுக்கு நேரே மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், நடுச் சம்பளம் எவ்வளவு, லொக்கேஷன் கோஷன்ட் எவ்வளவு. கடைசியாகச் சொன்னது, அந்தத் தொழில் அங்கே நாட்டுச் சராசரியைவிட அடர்த்தியா என்று காட்டுவது. 1 என்றால் சராசரி, 2 என்றால் இரண்டு மடங்கு அடர்த்தி, 0.4 என்றால் அந்த வேலை அங்கே அரிது. கோஷன்ட் உயரமாக இருந்து மொத்த ஆட்கள் 90 பேர்தான் என்றால் மயங்க வேண்டாம், அநேகமாக அது ஒரே ஒரு தொழிற்சாலை. சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருக்கும். விவரம் வெளியிடப்படவில்லை என்று பொருள், பூஜ்யம் என்று பொருளல்ல.

இந்தக் கோப்பு மூன்றாண்டு மாதிரிகளைச் சேர்த்துச் செய்வது. அதனால் போன ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதை வைத்துச் சொல்லக் கூடாது.

நம் விசாவுக்கு ஆள் எடுப்பவர் எத்தனை பேர்?

ஊரில் வேலை இருக்கலாம். வெளிநாட்டவருக்கு மனுப் போடும் பழக்கம் அந்தக் கம்பெனிகளுக்கு இல்லாமல் இருக்கலாம். இதையும் எண்ண வழி இருக்கிறது. எச்-1பிக்கு முன்படியாகக் கம்பெனி தாக்கல் செய்யும் எல்சிஏ படிவங்களின் விவரத்தை அமெரிக்கத் தொழிலாளர் துறை காலாண்டுக்கு ஒருமுறை எக்ஸெல் கோப்பாக வெளியிடுகிறது. மிகப் பெரிய கோப்பு, போனில் திறக்காது. லேப்டாப்பில் திறந்து பணியிடக் கவுன்ட்டியாலும் தொழில் எண்ணாலும் வடிகட்டுங்கள். சான்றளிக்கப்பட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, திரும்பப் பெற்றவற்றை நீக்குங்கள்.

இனி வரிகளை எண்ணாதீர்கள், கம்பெனிப் பெயர்களை எண்ணுங்கள். ஒரே ஊழியருக்குப் புதுப்பித்தல், திருத்தம் என்று பல வரிகள் வரும். ஒரே கம்பெனி இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும். அடுத்து, ஊழியரை வேறொரு நிறுவனத்தில் வேலைக்கு வைப்பதாகச் சொல்லும் பத்தியைப் பாருங்கள். கன்சல்டன்சிகள் அங்கே வாடிக்கையாளரின் பெயரைக் குறிப்பிட்டிருக்கும். பட்டியலில் பதினைந்து கன்சல்டன்சிப் பெயர் இருந்து, பதினைந்தும் ஒரே காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆள் அனுப்புகிறவை என்றால், உண்மையில் அந்த ஊரில் இருப்பது ஒரு முதலாளி. அவர் செலவைக் குறைத்தால் பதினைந்து பேரிடமும் ஒரே வாரத்தில் வேலை இல்லாமல் போகும். நேரடியாக ஆள் எடுக்கும், ஒன்றையொன்று சாராத ஐந்து கம்பெனிகளாவது நம் தொழில் எண்ணில் இருந்தால் அந்த ஊரைத் தைரியமாக ஏற்கலாம் என்பது எங்கள் மதிப்பு. இரண்டு மட்டும் என்றால் சம்பளம் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் யோசியுங்கள்.

நடுத்தர ஊருக்கு ஒரு சாதகமும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. எச்-1பிக்கான சம்பளப் படிகள் நான்கு. ஒவ்வொன்றின் தொகையும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். சான் ஹோசேயில் முதல் படியில் நிற்கும் சம்பளம், ஆர்கன்சாவிலோ அயோவாவிலோ இரண்டாம், மூன்றாம் படியைத் தொடலாம். 2026 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த விதிப்படி, எச்-1பிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் உயர்ந்த படிக்குக் கூடுதல் வாய்ப்பு: நான்காம் படிக்கு நான்கு சீட்டு, முதல் படிக்கு ஒன்று. ஆகவே வேலை ஓலை வந்ததும் தொழிலாளர் துறையின் சம்பளத் தேடல் பக்கத்தில் தொழில் எண்ணையும் வட்டாரத்தையும் போட்டு, சொன்ன சம்பளம் எந்தப் படி என்று பார்த்துவிடுங்கள். அடுத்த படிக்கு ஆயிரம் இரண்டாயிரம் டாலர் குறைந்தால் கம்பெனியிடம் கேட்பதில் தவறில்லை. இன்னொன்று, 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்குப் புதிய எச்-1பி மனுப் போட 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்ற உத்தரவு வந்தது. ஊரிலிருந்து நேரே வேலைக்குக் கூப்பிடுகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த உத்தரவு அன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது, அந்தத் தொகையைக் கட்டுவது யார் என்று எழுத்தில் வாங்குங்கள். ஊழியரைக் கட்டச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே முதலாளியை நம்பிய ஊர்

நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில் 1980களின் தொடக்கத்தில் கோடக் கம்பெனியில் மட்டும் 60,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்புக் கேட்டது. ஊர் அழிந்துவிடவில்லை; பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் ஒளியியல் சார்ந்த சிறு கம்பெனிகளும் தாங்கிப் பிடித்தன. சொந்த வீடும் குடியுரிமையும் உள்ளவர்களால் அதுவரை காத்திருக்க முடிந்தது. 60 நாள் கெடுவில் இருப்பவருக்கு அந்தப் பொறுமைக்கு வழியில்லை.

இலினாயின் பியோரியாவில் கேட்டர்பில்லர் ஆலைகள் இன்னும் இருக்கின்றன. தலைமையகம் மட்டும் 2017 அறிவிப்பின்படி சிகாகோ புறநகருக்கும், 2022 அறிவிப்பின்படி டெக்சஸுக்கும் போனது. ஆலை வேலைக்காரருக்கும் நிதி, ஐடி வேலைக்காரருக்கும் இதன் பொருள் வேறு வேறு. எனவே "பெரிய கம்பெனி இருக்கிறது" என்று கேள்விப்பட்டால், நம் பிள்ளையின் பிரிவு எந்த ஊரில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

ஒரே பண்டத்தை நம்புவதன் ஆபத்து செட்டிநாட்டுக்குத் தெரியாததல்ல. 1930ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் ஏறக்குறைய 6 சதவீதம். நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் அடைக்க முடியாமல் நிலத்தையே விட்டுக்கொடுத்ததில் 1937க்குள் அது 25 சதவீதம் அளவுக்கு ஏறியது. ஏட்டில் சொத்து பெருகியது, கையில் ரொக்கம் வற்றியது. கடன் வாங்கியவர் ஆயிரம் பேர் இருந்தும், அத்தனை பேரும் நம்பியது ஒரே நெல்லை.

தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் மாற்று உதாரணம். 1981ல் சிட்டிபேங்க் தன் கிரெடிட் கார்டுத் தொழிலை அங்கே கொண்டுவந்தது. பிறகு வேறு நிதி நிறுவனங்களும் இரண்டு பெரிய மருத்துவமனைக் குழுமங்களும் சேர்ந்து வளர்ந்தன. நகரம் 2010ல் 1,53,888; 2020ல் 1,92,517. கணக்கர், நர்ஸ், ஐடி என்று மூன்று தொழிலுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் இருக்கிற ஊர்.

திறந்திருந்தும் நுழைய முடியாத வாசல்

அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் 2010ல் 1,80,105லிருந்து 2020ல் 2,15,006 ஆகி, பர்மிங்ஹாமை முந்தி மாநிலத்தின் முதல் நகரமானது. பொறியாளர்கள் அடர்ந்த ஊர், சம்பளமும் நன்று. ஆனால் அங்கே பெரும்பகுதி ரெட்ஸ்டோன் ஆர்சனல் ராணுவத் தளத்தையும் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையத்தையும் சுற்றிய வேலை. ரகசியப் பாதுகாப்பு அனுமதிக்குக் குடியுரிமை வேண்டும். ஆயுதத் தொழில்நுட்ப ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பணிகளுக்குக் குறைந்தது கிரீன் கார்டாவது வேண்டும் என்பது பெரும்பாலான கம்பெனிகளின் நிபந்தனை. தொழில் எண்ணும் கோஷன்ட்டும் அருமையாகத் தெரிகிற இப்படிப்பட்ட ஊரில் எல்சிஏ பட்டியலையும் சேர்த்துப் பார்த்தால்தான் நமக்குத் திறந்திருக்கும் பகுதி தெரியும்.

பல்கலைக்கழகங்களும், அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற மருத்துவ, ஆராய்ச்சி நிறுவனங்களும் நேர்மாறு. அவை எச்-1பி ஆண்டு வரம்புக்கும் குலுக்கலுக்கும் அப்பாற்பட்டவை. விஸ்கான்சினின் மேடிசன், வட கரோலினாவின் டர்ஹம் போன்ற ஊர்களில் இந்த வழி உண்டு. சம்பளம் குறைவாக இருந்தாலும், ஆய்வுப் படிப்பு முடித்தவருக்கு நல்ல பிடிமானம்.

மாப்பிள்ளைக்காக ஊரைப் பார்க்கிற பெண் வீட்டார் இன்னொன்றையும் கேளுங்கள். எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் போகும் மனைவிக்கு வேலை அனுமதி தானாக வராது. பொதுவாக, கணவரின் கிரீன் கார்டுக்காகப் போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அது முடிந்திருந்தால், பெண்ணின் தொழில் எண்ணுக்கும் மேலே சொன்ன கணக்கைத் தனியே போடுங்கள்.

அறிவிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

2017ல் ஃபாக்ஸ்கான் விஸ்கான்சினின் மவுன்ட் பிளசன்ட்டில் 13,000 வேலை தருவதாக அறிவித்தது. 2021ல் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது அது 1,454 ஆனது. ஒஹாயோவில் இன்டெல் 2022ல் அறிவித்த சிப் ஆலை 2025ல் ஓடத் தொடங்கும் என்றார்கள். பிறகு 2030க்குத் தள்ளிவைத்தார்கள். படிப்பு முடியும்போது ஆலை திறந்துவிடும் என்று கணக்குப் போட்டு ஊரையும் கல்லூரியையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். டேட்டா சென்டர் அறிவிப்புகளில் தொகை பெரிதாக இருக்கும். கட்டி முடித்தபின் உள்ளே நிரந்தர வேலை சொற்பம்.

ஆட்குறைப்பு அறிவிப்புக்குச் சட்ட பலம் உண்டு. வார்ன் சட்டப்படி 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம், பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். பெரும்பாலான மாநிலத் தொழிலாளர் துறைகள் அந்தப் பட்டியலை வெளியிடுகின்றன. நாம் போகப்போகும் கம்பெனியின் பெயரும், அதன் பெரிய வாடிக்கையாளர் பெயரும் அதில் இரண்டு ஆண்டாக இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறை வட்டாரவாரி விலைக் குறியீடு தருகிறது; நாட்டுச் சராசரி 100. சம்பளத்தை அந்தக் குறியீட்டால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். குறியீடு 90 உள்ள ஊரில் 81,000 டாலர், சராசரி ஊரின் 90,000க்குச் சமம். இதில் வருமான வரி சேராது. டெக்சஸ், ஃப்ளோரிடா, டென்னசி, தெற்கு டகோட்டா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை. கார் இல்லாமல் இந்த ஊர்களில் வேலைக்குப் போக முடியாது, இருவரும் போனால் இரண்டு கார் என்பதையும் செலவில் எழுதுங்கள்.

எல்லாம் பார்த்தபின் போனில் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இந்தக் கம்பெனியை விட்டா, உன் வீட்டுலேருந்து நாற்பது நிமிஷத்துல போய்வர்ற மாதிரி வேற எந்தக் கம்பெனியில உன் வேலை இருக்கு? பேரு சொல்லு." நான்கு பெயர் தடங்கலின்றி வந்தால் உங்கள் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். பெயர் வரவில்லை, ஆனாலும் வேலை நல்ல அனுபவம் தரும் என்றால் போகட்டும். முதல் இரண்டு ஆண்டு வீடு வாங்க வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தில் கெடுவுக்கு முன் காலி செய்தால் என்ன கட்ட வேண்டும் என்ற பிரிவைக் கையெழுத்துக்கு முன் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு மாத வாடகையோடு முடியும் என்று எழுதியிருந்தால் சரி. மீதிக் காலம் முழுவதற்கும் வாடகை கேட்கும் ஒப்பந்தமாக இருந்தால் வேறு வீடு பார்க்கட்டும். மூன்று மாதச் செலவுக்கான பணமும் திரும்பி வர விமான டிக்கெட்டுக்கான பணமும் தனிக் கணக்கில் தொடாமல் இருக்கட்டும்.